ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டும் ஒரு டாக்டரும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நடிகர் பிறந்தநாளுக்கு நாலு பக்கம் கலர்ல போடுறீங்க, அது வேணாம்னு நான் சொல்ல வரல, சினிமாவும் பாட்டும் இல்லாம எனக்கும் பொழுது போகாது. ஆனா பேதிக்குக் குடிக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்ஸ ஜனங்ககிட்ட கொண்டுபோன டாக்டர் திலீப் மஹலானபிஸ் 2022 அக்டோபர்ல இறந்தப்ப அவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க, அடுத்த வருஷம் பத்ம விபூஷண் லிஸ்ட்ல பேரைப் பார்த்து தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, ரொம்ப வெக்கமா போச்சு.

ஏன்னா என் பொண்ணு ஒன்றரை வயசுல ஒரே ராத்திரியில விடாம பேதியாகி, கண்ணு உள்ள போயி, அழுதா கண்ணீர்கூட வராம துவண்டு கிடந்தா. எங்க ஊர் நர்சம்மா ஓ.ஆர்.எஸ் பாக்கெட்ட பிரிச்சு ஒரு லிட்டர் தண்ணியில கலக்கி, ஸ்பூன் ஸ்பூனா குடுங்க, வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டு மறுபடி குடுங்கன்னாங்க. விடியக்காலையில புள்ள ஒண்ணுக்குப் போனதும் என் வீட்டுக்காரி தரையில உக்காந்து அழுதா பாருங்க, அது இன்னும் கண்ணுலயே நிக்குது.

அந்தத் தண்ணிய ஊருக்கே குடுக்கலாம்னு காட்டினவர் அவர். 1971ல வங்கதேசப் போர் அகதிகள் லட்சக்கணக்குல மேற்கு வங்காளத்துக்கு வந்தப்ப பன்காவ் முகாம்ல காலரா, ஆஸ்பத்திரி தரையெல்லாம் நோயாளிங்க, ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துட்டு இருக்கு. உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூணையும் கரைச்சு டிரம்ல ஊத்தி வெச்சு, கூட வந்த சொந்தக்காரங்களையே புடிச்சுக் குடுக்கச் சொன்னார். குடல் குளுக்கோஸ உறிஞ்சும்போது உப்பும் தண்ணியும் கூடவே உள்ள போயிடும், இது முன்னாடியே ஆராய்ச்சியில தெரிஞ்சதுதான், ஆனா படிக்காத ஜனங்க கையிலயும் இது வேலை செய்யும்னு நம்பி இறங்கினாரே, அதுக்கு எவ்ளோ தைரியம் வேணும். நூத்துக்கு முப்பது பேர் செத்த இடத்துல சாவு நாலுக்கும் கீழ வந்துச்சு.

2002ல அமெரிக்காவுல பாலின் பரிசு, 2006ல தாய்லாந்துல மகிடோல் விருதுன்னு வெளிநாட்டுக்காரங்க கூப்பிட்டு குடுத்துட்டாங்க, நாம பத்ம விபூஷண் அறிவிச்சது 2023ல, அவர் போனப்புறம். அதே மேற்கு வங்காளத்துல, கல்கத்தாவுல, காலரா கிருமி விடுற நச்ச 1959லயே கண்டுபிடிச்ச சம்பு நாத் டே 1985ல பெருசா எந்த விருதும் இல்லாமயே போயிட்டார், இத நினைச்சா மனசு ஆறவே மாட்டேங்குது.

ஐயா, வாரத்துல ஒருநாள் அரைப்பக்கம் போதும். இப்ப உயிரோட லேப்ல வேலை பார்த்துட்டு இருக்கிற நம்மாளுங்கள பத்தி பெரிய போட்டோவோட, நடிகருக்குப் போடுற மாதிரியே கலர்ல போடுங்க. ஓ.ஆர்.எஸ் கதையில இருந்து ஆரம்பிச்சீங்கன்னா அந்தப் பக்கத்த வெட்டி எங்க ஊர் துணை சுகாதார நிலையத்து சுவத்துல நானே ஒட்டுறேன், நர்சம்மாகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகன்,
திண்டுக்கல்