கங்கைகொண்டானுக்கு வர நினைக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

சென்னை கால் சென்டர் வேலையை விட்டுவிட்டு, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டானில் வேலைக்குச் சேரலாமா என்று நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு "சரி, பார்ப்போம்ல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா, என் அக்கா, பக்கத்திலேயே நின்றாள், வேறென்ன சொல்ல? அதனால் எழுதுகிறேன். ஊருக்குத் திரும்பலாமா என்று உன்னைப் போலவே யோசிக்கிற பிள்ளைகள் இன்னும் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும்.

"தைரியமா விடு, மாமா இருக்கேன்" என்பேன் என்று எதிர்பார்த்திருப்பாய். நான் தைரியமாக வேலையை விட்டவன். அதில் எவ்வளவு போச்சு என்று எனக்குத்தான் தெரியும்.

2009-ல் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வண்டித் தவணை வசூலித்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் மேனேஜர் நாலு பேர் முன்னால் வைதார். ரசீதுப் புத்தகத்தை மேஜையில் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். ஜங்ஷன் வரை நடந்து வந்தபோது ராஜா மாதிரிதான் இருந்தது. என் சர்வீஸ் அன்றைக்கு நாலு வருஷம் அஞ்சு மாசம். அஞ்சு வருஷம் முடித்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்பதே எனக்குத் தெரியாது. கோபத்தை ஏழு மாசம் தள்ளிப் போட்டிருந்தால் கையில் காசு. ரிலீவிங் லெட்டரும் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள்.

உனக்கு எட்டு வருஷம் ஆகிவிட்டது, அந்தக் கவலை இல்லை. கணக்கை மட்டும் நீயே போட்டுப் பார்: கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளத்தை, பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கு. அதை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கு. அடிப்படை 18,000 என்றால் எட்டு வருஷத்துக்கு 83,000 சொச்சம் வரும். 30 நாளைக்குள் தந்தாக வேண்டும். பி.எஃப். பணத்தில் கை வைக்காதே. உன் பி.எஃப்.க்கான யு.ஏ.என். நம்பர் வேலை மாறினாலும் அதேதான், புது இடத்துக்கு மாற்றிக்கொள். நீ 11,000 சம்பளத்துக்குச் சேர்ந்தவன், அது வரம்புக்குள்தான், ஆகவே பென்ஷன் திட்டத்திலும் இருப்பாய். பத்து வருஷ சர்வீஸ் இருந்தால்தான் பின்னால் மாதப் பென்ஷன். இப்போது அந்தப் பணத்தை எடுத்தால் எட்டு வருஷமும் போச்சு. நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்து, லெட்டரை வாங்கிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறு.

சம்பளம் குறையும் என்று நீயே சொன்னாய். குறையட்டும். சென்னை வாடகை, மெஸ், தீபாவளிக்கு ஆம்னி பஸ்காரன் கேட்கிற காசு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தோடு ஒப்பிடு.

"எட்டு வருஷம் போன்லயே பேசிக்கிட்டு இருந்தேன், எனக்கு என்ன தெரியும் மாமா?" என்றாயே, அதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

வசூல் வேலையை விட்டபின் நான் பணகுடிப் பக்கம் காத்தாடி (காற்றாலை) பராமரிப்பில் ஹெல்பராகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் சர்டிபிகேட் பெட்டிக்கு அடியில் கிடந்தது. 36 வயதில், இருபது வயசுப் பையன்களுக்குக் கீழே வேலை. முதல் நாள் ஏணியில் பாதிக்கு மேல் கால் நடுங்கி இறங்கிவிட்டேன். வேலை தெரியாதவன் என்று என்னை ஓரமாகத்தான் வைத்திருந்தார்கள்.

சித்திரைக் கடைசியில் ஒரு காத்தாடியில் கியர் பாக்ஸ் போய்விட்டது. வைகாசியில் காற்று ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் சீசன், அதற்குள் மாற்றியாக வேண்டும். கிரேன் ஒரு முருங்கைத் தோட்டம் வழியாகத்தான் போக முடியும். போன தடவை வந்த கிரேன் தன் மரங்களைச் சாய்த்துவிட்டது என்று தோட்டக்காரர் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். இன்ஜினீயர் ஒப்பந்தக் காகிதத்தைக் காட்டிக் கத்துகிறார். நான் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். எத்தனை மரம் போச்சு, காய் என்ன விலைக்குப் போகிறது, மகள் கல்யாணம் எப்போ என்று பேச்சு போனது. அவருக்கு வேண்டியது காசு கூட இல்லை. போன தடவை யாரும் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் வருத்தம். மறுநாள் விடியக்காலம் கிரேன் போனது, அவரே முன்னால் நடந்து வழி காட்டினார்.

"எங்கே படிச்சீங்க அண்ணாச்சி?" என்று இன்ஜினீயர் கேட்டார்.

"தவணை வசூல்ல" என்றேன்.

நீ ராத்திரி ஷிப்டில் கோபக்காரர்களைச் சமாளித்தவன். அடுத்த ஷிப்ட்காரனுக்கு என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுதி வைத்துவிட்டு வந்தவன். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா பவரின் சோலார் செல், பேனல் செய்கிற ஆலை வந்திருக்கிறது. வருஷத்துக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்குச் செய்யலாம் என்கிறார்கள். அந்த மாதிரி ராப்பகலாக ஓடுகிற இடத்தில் ஷிப்ட் கைமாறும்போது நடந்ததைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு மதிப்பு உண்டு. டிப்ளமோவில் படித்த மின்சாரத்தைத் தூசி தட்டிக்கொள்ளலாம். அதற்கு ஆறு மாசம் போதும்.

தாமிரபரணி ஆற்றுக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயிலில் வெள்ளம் வரும்போது உற்சவர் மேலக்கோயிலுக்குக் கிளம்பிவிடுவார், மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். சின்ன வயசில் உன்னைத் தோளில் வைத்துக் காட்டியிருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம்மில் யாருக்கும் போன் கிடைக்காமல் நீ சென்னையில் ராத்திரி முழுக்கத் தவித்தாயே, அன்றைக்கே அந்த உற்சவர் மாதிரி உன் மனசு ஊருக்குக் கிளம்பிவிட்டது என்று நினைக்கிறேன்.

"மெட்ராஸ் வேலையை விட்டுட்டு வந்துட்டானாம்லா" என்று தெருவில் பேசத்தான் செய்வார்கள். பெண் வீட்டாரும் கேட்பார்கள். அடுத்த கதை கிடைத்ததும் விட்டுவிடுவார்கள்.

ஏலே, ராஜினாமா கடிதம் மட்டும் இப்போது கொடுத்துவிடாதே. ஒரு சனிக்கிழமை வா. ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு பைக்கில் கங்கைகொண்டான் போவோம். டீக்கடையில் நின்றால் வேலை முடித்து வருகிறவர்கள் தாமாகப் பேசுவார்கள். பஸ் உண்டா, கேன்டீன் எப்படி, போன வருஷம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், ராத்திரி ஷிப்ட் மாசத்துக்கு எத்தனை என்று கேள். பதில் சொல்லும்போது அவர்கள் முகத்தையும் பார்த்துக்கொள். அப்புறம் முடிவு செய்.

அக்காவிடம் நான் பேசுகிறேன். அன்றைக்குச் சாப்பாடு மட்டும் அவள் வீட்டில் வேண்டாம், நம் வீட்டிலேயே சொதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மாமா