கணினித் துறைத் தலைவர்களுக்கு: ஹாஸ்கெல் சந்திப்புக்குப் பரிசுக் கோப்பை வேண்டாம், ஆய்வகம் தாருங்கள்

பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கும் மாணவர் மன்றப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வார இறுதியில் ஹாஸ்கெல் மொழியில் ஃபங்ஷனல் புரோகிராமிங் (ஃபங்ஷன்களைச் சேர்த்தே நிரல் எழுதும் முறை) சந்திப்பு நடத்த மாணவர்கள் அனுமதி கேட்டு வந்தால், தயவுசெய்து அதை இன்னொரு ஹேக்கத்தான் ஆக்கிவிடாதீர்கள். பரிசும் நடுவரும் வந்துவிட்டால், தெரிந்தவர் தெரியாதவர் பக்கத்தில் உட்கார மாட்டார். சேர்ந்து எழுதிப் பழகத்தான் இந்தச் சந்திப்பு.

முதலில் காலை வாருவது இன்ஸ்டலேஷன். நாற்பது பேர் காலையில் ஒரே வைஃபையில் ஜிஎச்சி (GHC) என்ற ஹாஸ்கெல் கம்பைலரை இறக்கத் தொடங்கினால், மதியம்வரை ஒரு வரி நிரலும் ஓடாது. முந்தைய நாளே எல்லாக் கணினியிலும் ஜிஎச்சிஅப் (GHCup) என்ற நிறுவும் கருவி வழியாக ஒரே பதிப்பை ஏற்றிவிடுங்கள். சில ஜிபி இடம் வேண்டும். உபுண்டுவில் பெரிய எண்களைக் கையாளும் ஜிஎம்பி நூலகத்தின் டெவ் பேக்கேஜ் (libgmp-dev) இல்லாவிட்டால், கம்பைல் முடிந்து லிங்க் செய்யும் இடத்தில் வந்து நிற்கும். ஒரு கணினியின் கேபல் ஸ்டோரை (கம்பைல் செய்த நூலகங்கள் சேரும் கோப்புறை) பென்டிரைவில் இன்னொன்றுக்கு மாற்ற வேண்டாம்: முழுப் பாதையும் அதற்குள் பதிந்திருப்பதால், பயனர் பெயர் வேறானால் உடைந்துவிடும். கன்டெய்னர்ஸ், டெக்ஸ்ட், எம்டிஎல் ஆகிய நூலகங்கள் போதும் என்று முடிவு செய்துவிட்டால் இணையமே தேவைப்படாது. அவை கம்பைலரோடே வருகின்றன. 4 ஜிபி ரேம் கணினியில் எச்எல்எஸ் (எழுதும்போதே எடிட்டரில் பிழை காட்டும் கருவி) திணறும். அங்கே வரி வரியாக ஓட்டிப் பார்க்க உதவும் ஜிஎச்சிஐயைத் திறந்து வைத்து ரீலோட் செய்தாலே வேலை நடக்கும்.

முதல் நாள் காலையில் ஹாஸ்கெலின் கடினமான கருத்தான மோனாட் பற்றிய உரை கூடவே கூடாது. அதற்குப் பதில் ஒரு கணக்கைக் கொடுங்கள்: தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்க வேண்டும். டெக்ஸ்ட் நூலகத்தின் லெங்த் ஃபங்ஷன் 'தமிழ்' என்பதற்கு 5 என்று சொல்லும், ஏனென்றால் அது எண்ணுவது யூனிகோடு குறிகளை; நமக்கோ எழுத்து 3. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று ஒரு டேட்டா டைப் எழுதச் சொல்லுங்கள். உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்த ப்ராடக்ட் டைப், 18 × 12 = 216. மற்றவற்றோடு (12 + 18 + 1) கூட்டினால் 247; இப்படி 'இது அல்லது அது' என்று சேர்வது சம் டைப். சம் டைப், ப்ராடக்ட் டைப் என்று கரும்பலகையில் விளக்குவதைவிட இது சீக்கிரம் பிடிபடும். பிறகு 'ஜ', 'ஷ' வரும் சொற்களைக் கொடுங்கள். டைப்பில் கிரந்தத்துக்கு ஒரு வகை சேர்த்தவுடன், எந்தெந்த ஃபங்ஷனில் அது விடுபட்டிருக்கிறது என்று எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் வால் (-Wall) ஃபிளாக் போட்ட கம்பைலரே வரிசையாகச் சொல்லும்.

இங்கே ஒரு இடறல் உண்டு. ஜிஎச்சிஐ தமிழை \2980\2990 என்று எண்ணாகக் காட்டும். புட்ஸ்டிரிங்எல்என் (putStrLn) பயன்படுத்தினால் எழுத்தாகவே வரும். அப்போதும் பிழை வந்தால் லினக்ஸில் லாங் மாறியை யூடிஎஃப்-8 ஆக்குங்கள், விண்டோஸில் கோட் பேஜை 65001 ஆக்குங்கள்.

இரண்டு பேருக்கு ஒரு கணினி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டு கை மாறட்டும். ஒரு ஃபங்ஷன் எதை வாங்கி எதைத் தரும் என்ற டைப் சிக்னேச்சரை இருவரும் பேசி முடித்த பிறகே அதன் உடலை எழுத வேண்டும். தெரியாத இடத்தில் அடிக்கோடு (_) போட்டால் அங்கே என்ன டைப் வேண்டும் என்று கம்பைலர் சொல்லிவிடும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஆய்வகச் சாவி, இரண்டு நாள், முந்தைய மாலை ஒரு சிஸ்டம் அட்மினின் மூன்று மணி நேரம்.

இப்படிக்கு,
ஹாஸ்கெல் எழுதும் சிலர்