ரானக் மூரில் எங்களுக்காக நின்றவர்களுக்கு

அன்புள்ள அண்ணா, அக்கா, நாயோடு வந்த பிக்கப்காரர், மோரிஸ் மைனர் என்ற பழைய காரில் வந்த பெரியவர், உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, ஸ்காட்லாந்தில் பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கியைத் தாண்டி கிளென்கோ போகும் ஏ82 சாலையில் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, பச்சை நிறத்தில், நின்றுபோயிருந்ததே, அது என்னுடையது. அன்று உங்கள் யாருடைய பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. மனம் முழுக்க வண்டியிலும், உள்ளே குளிரில் உட்கார்ந்திருந்த என் மனைவியிடமும் இருந்தது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். படிப்பவர்கள் யாருக்காவது இவர்களைத் தெரிந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

அந்தச் சாலை கடந்துபோகும் ரானக் மூர் வெட்டவெளியில் இரண்டு பக்கமும் சேற்று நிலமும் குட்டைகளும்தான். நாங்கள் நின்ற இடத்தில் வீடு இல்லை, போனில் சிக்னலும் இல்லை. சுவிட்சை அணைத்ததுபோல இன்ஜின் ஒரே நொடியில் நின்றது. பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி இருமித் திணறி நிற்கும். இது அப்படி இல்லை. சாவியைத் திருப்பினால் பின்னால் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து ஓய்ந்தது. அப்படியானால் கோளாறு மின்பொறியில். அதுவரை எனக்கே புரிந்தது.

முதலில் வந்தது பிக்கப் ஐயா. நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உங்கள் எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு 45 மீட்டருக்கு மேல் நடந்துபோய் வளைவுக்கு அந்தப்பக்கம் வைத்துவிட்டு வந்தீர்கள். அப்புறம் இருவருமாக வண்டியைச் சாலையோரச் சரளைக்குத் தள்ளினோம். 1970இல் செய்த என் காரில் நான்கு மூலையும் சேர்ந்து மின்னும் விளக்கு கிடையாது. அந்தச் சாலையில் லாரிகள் வருகிற வேகத்துக்கு, நீங்கள் வந்த அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் உயிரைக் காப்பாற்றியது என்று உறுதியாக நம்புகிறேன். என்னிடமும் ஒரு முக்கோணம் இருந்தது. டிக்கியில் பெட்டிகளுக்குக் கீழே, ஸ்டெப்னிக்கு அடியில். இப்போது அது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கிறது. கூடவே ஒளிரும் மேலங்கி இரண்டு.

அண்ணா, அக்கா, உங்கள் வான் நின்றபோது இருட்டத் தொடங்கிவிட்டது. கண்ணாடியை இறக்கி, "தமிழோ?" என்று அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "தங்கச்சி, முதல்ல வானுக்குள்ள வந்து இருங்கோ" என்று என் மனைவியைக் கூட்டிப்போய்த் தேநீரும் இடியப்பமும் கொடுத்தீர்கள். என் டார்ச்சில் பேட்டரி கசிந்து உப்புப் பூத்திருந்தது. முக்கால் மணி நேரம் அண்ணாதான் இன்ஜினுக்கு மேலே விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை விட்டதும் மிட்ஜ் பூச்சிகள் கூட்டமாக வந்து கடித்தன. ஒரு கையால் முகத்தைத் துடைத்தாரே தவிர, மற்றக் கை அசையவே இல்லை.

மைனர் பெரியவரே, உங்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நீங்கள் வருவதற்குள் என் பெட்டியில் இருந்த மின்பொறி உதிரிகள், அதாவது பிளக், பாயின்ட், கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். நீங்கள், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலிலிருந்து வரும் ஒயரை, உள்ளே சுழலும் ரோட்டர் ஆர்மின் நடுப் பித்தளைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு, என்னை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னீர்கள். நீலப் பொறி பாய்ந்தது. பாயவே கூடாது. ஆர்ம் நல்லதாக இருந்தால் மின்சாரத்துக்குக் கீழே இறங்க வழி இருக்காது. ஆர்முக்குள் அறைந்திருந்த ரிவெட் ஆணி வழியாக அது அடியில் இருக்கும் தண்டுக்குக் கசிந்து, நான்கு பிளக்குக்கும் போகாமல் வீணாகிக்கொண்டிருந்தது. இப்போது செய்துவரும் நகல்களில் பலவற்றுக்கு இதுதான் வியாதி என்றீர்கள்.

என்னிடம் உபரி ஆர்ம் ஒன்று இருந்தது, உறை பிரிக்காமல். போட்டோம். இன்ஜின் பிடித்தது, ஒரு நிமிடத்தில் செத்தது. இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை.

அப்போது நீங்கள் உங்கள் வண்டிக்குப் போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய பழைய ஆர்ம் ஒன்றை எடுத்து வந்தீர்கள். மைனரும் எம்ஜிபியும் வேறு வேறு வண்டிகள், ஆனால் இரண்டிலும் இருப்பது அதே லூகாஸ் டிஸ்டிரிபியூட்டர்; அது அப்படியே உட்கார்ந்தது. "எங்கட அப்பரும் மைனர்தான் வச்சிருந்தவர்" என்று அண்ணா ஆரம்பித்து, யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதையை உங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னதும், நீங்கள் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்று கேட்டதும் எனக்கு மறக்காது.

கிளம்பும்போது நீங்கள் சொன்னதை அப்படியே செய்துவிட்டேன், ஐயா. புது உதிரிபாகத்தைப் பெட்டியில் வைக்காதே, வண்டியில் போடு. சில வாரம் ஓடி நல்லது என்று தெரிந்தபின் கழற்றி அதைப் பெட்டியில் வை என்றீர்கள். என் பெட்டியில் இப்போது இருக்கும் கண்டென்சர், பாயின்ட், ஃபேன் பெல்ட் எல்லாம் ஏற்கெனவே என் காரில் ஓடியவை. பெட்ரோல் குழாயையும் மாற்றிவிட்டேன். 2021 முதல் இங்கே பெட்ரோல் பங்க்குகளில் வரும், 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கிறது. அதைத் தாங்கும் குழாய் ஒரு முழமும் கிளிப்புகளும், தீயணைப்பானும் சேர்ந்திருக்கின்றன. தலையில் மாட்டும் டார்ச் அண்ணாவை நினைத்து வாங்கியது.

அக்கா, உங்கள் ஃபிளாஸ்க் எங்கள் காரிலேயே தங்கிவிட்டது. கழுவி வைத்திருக்கிறோம். பெரியவரே, நீங்கள் கொடுத்த ஆர்ம் எங்களை வீடுவரை கொண்டு வந்து சேர்த்தது. பணம் வாங்க மறுத்துவிட்டீர்கள். உங்கள் பெட்டியில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்குமோ என்று யோசிக்கிறேன். ரிவெட் இல்லாத சிவப்பு ஆர்ம் ஒன்றை வாங்கி, 300 மைல் என் காரில் ஓட்டிக் கழற்றி, உங்களுக்கென்று துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். எங்கே அனுப்புவது என்று மட்டும் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
பச்சை எம்ஜிபிக்காரன், ரெடிங்