ஹாரி பாட்டும் ஒரு திஸ்ரமும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு இன்னும் அந்தத் தைலமே போதும் என்கிறாய். சரி, உன் கால், உன் பாடு. இங்கே பேரன் கீபோர்டு கற்றுக்கொள்கிறான், வீட்டில் மத்தியானத் தூக்கம் போயிற்று. அவன் உருட்டுகிற பாட்டுகளில் ஒன்று ‘ஐம் ஜஸ்ட் வைல்ட் அபவுட் ஹாரி’. எங்கிருந்து வந்த பாட்டு என்று தேடப்போய் ஒரு வாரமாக அதிலேயே கிடக்கிறேன்.

1921 மே மாதம் நியூயார்க்கில் அரங்கேறிய ‘ஷஃபிள் அலாங்’ என்ற இசை நாடகத்தில் வருவது. இசை யூபி பிளேக், பாடல் நோபிள் சிசில். கதை எழுதி நடித்தவர்கள் மில்லர், லைல்ஸ். நால்வரும் கறுப்பர்கள். கையில் காசில்லை, ஊர் ஊராக ஆடி 18,000 டாலர் கடனோடு வந்து சேர்ந்தார்கள். ஓடாமல் போன வேறு நாடகங்களின் பழைய உடுப்புகளைத்தான் போட்டுக்கொண்டார்கள். கிடைத்த அரங்கமும் 63ஆம் தெருவில், பெரிய தியேட்டர்களெல்லாம் இருந்த இடத்துக்கு எட்டத்தில். அங்கே ஏறக்குறைய 500 தடவை நடந்தது!

உனக்குப் பிடிக்கப்போவது இதுதான். பிளேக் அந்த ஹாரி பாட்டை முதலில் வால்ட்ஸாகப் போட்டிருந்தார். நம் கணக்கில் திஸ்ரம், மூன்று மூன்றாக எண்ணும் தாளம். கதாநாயகியாக நடித்த லாட்டி கீ, கறுப்பர் நாடகத்தில் வால்ட்ஸ் எடுபடாது, வேகமாக மாற்றுங்கள் என்றாராம். பிளேக்குக்கு அந்த வால்ட்ஸ் மேல் கொள்ளை ஆசை, மனசே இல்லாமல்தான் மாற்றினார். கடைசியில் நாடகத்திலேயே பெரிய பாட்டு அதுதான்.

இன்னொரு பாட்டுக்கு நால்வரும் நடுங்கிப் போயிருக்கிறார்கள். கறுப்பு ஆணும் பெண்ணும் கேலியில்லாமல் மனதாரக் காதலித்துப் பாடும் பாட்டு. வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபை கல்லெறியுமோ என்ற பயம். முதல் நாள் அந்தப் பாட்டு வந்ததும் மற்ற மூவரும் ஓடத் தயாராகக் கதவருகே நின்றுகொண்டார்கள். குழுவை நடத்த வேண்டிய பிளேக் மட்டும் பியானோவை விட்டு நகர முடியாமல் அகப்பட்டுக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை, கைதட்டல்தான். வாத்தியக்காரர்களோ எல்லாவற்றையும் மனப்பாடமாக வாசித்தார்களாம். கறுப்பர்கள் எழுதிவைத்த இசைக்குறிப்பை (நொடேஷன்) பார்த்து வாசிப்பார்கள் என்று சபை நம்பாதே, அதனால்! மெல்லிசைக் குழுவில் நீ நோட்டை முன்னால் வைத்துக்கொண்டும் தடுமாறியது ஞாபகம் வந்தது.

ஆனால் அந்த நாடகத்தை இன்றைக்கு அப்படியே மேடையேற்ற முடியாது. தாங்களே கறுப்பர்களாக இருந்தும் மில்லரும் லைல்ஸும் முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் சிரிக்க வைத்தார்கள். அந்தக் காலச் சபை கேட்ட விலை அது, எனக்குப் படிக்கவே கூசியது. 2016இல் ஜார்ஜ் வுல்ஃப் என்ற இயக்குநர் அதை நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குக் கொண்டுவந்தபோது, பழைய கதையைத் தள்ளிவிட்டு, அந்த நாடகம் உருவான கதையையே நாடகமாக்கினார். பாட்டுகள் மட்டும் பழையவை. டோனி என்ற நாடக விருதுக்கு 10 பரிந்துரை, ஒன்றுகூடக் கையில் வரவில்லை. அது ‘ஹாமில்டன்’ என்ற இன்னொரு இசை நாடகம் வாரிக்கொண்டு போன வருஷம். ஜூலையிலேயே மூடிவிட்டார்கள்.

ஹாரி பாட்டுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. 1948இல் அமெரிக்க ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் தன் தேர்தல் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், நாடகத்து ஹாரியும் மேயர் தேர்தலில் நிற்பவன்தான். பிளேக் அறுபது வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு 1983இல்தான் போனார்.

நேற்று ஆசை தாங்காமல் பேரனிடம் அதைத் திஸ்ரத்தில் வாசிக்கச் சொன்னேன், நான் மேசையில் தட்டினேன். நாலு வரி போனதும் நிறுத்திவிட்டான். “தாத்தா, தூக்கம் வருது. பழைய மாதிரியே வாசிக்கட்டுமா?” என்றான். எனக்கென்னவோ நன்றாகத்தான் இருந்தது. பொங்கலுக்கு வரும்போது தபலாவைக் கொண்டு வா, நீ கேட்டுச் சொல்.

அன்புடன்,
மூர்த்தி