தேவிக்கு: அந்தப் பொத்தானை வெட்டாதே

அன்புள்ள தேவி,

லண்டன் சந்தையில் வாங்கிய பித்தளைப் பொத்தானின் படம் பார்த்தேன். பின்னால் இருக்கும் வளையத்தை வெட்டிவிட்டு மோதிரம் செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

முன்பக்கம் இருக்கிற சிறகு முளைத்த பொடியன் க்யூபிட், ரோமானியர்களின் காதல் தெய்வம். மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அடித்து எடுத்த உருவம். தோளில் தொங்கும் அம்பறாத்தூணியில் அம்புகளைத் தனித்தனியாக எண்ணலாம்போல, அவ்வளவு கூர்மை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இப்படிப்பட்ட படப் பொத்தான்கள் பெண்கள் உடையில் கொடிகட்டிப் பறந்தன. ரோமியோவும் ஜூலியட்டும்கூடப் பொத்தானில் ஏறினார்கள்.

அதற்கு நூறு வருஷம் முன்னால், 18ஆம் நூற்றாண்டு பிரான்சில், இந்த அலங்காரமெல்லாம் ஆண்களின் கோட்டில்தான்! ஓர் அங்குலத்துக்கும் பெரிய பொத்தான். கண்ணாடிக்கு அடியில் கையால் தீட்டிய காதலர்கள், ஜோடிப் புறா, எரியும் தீவட்டி. இங்கிலாந்தில் வெட்ஜ்வுட் என்ற பீங்கான் நிறுவனம் நீலப் பீங்கானில் வெள்ளை உருவங்களைப் பதித்துக் கொடுக்க, பர்மிங்காமில் உலோகப் பட்டறை நடத்திய மாத்யூ போல்டன் அவற்றுக்குப் பட்டை தீட்டிய எஃகு விளிம்பு கட்டினார். உன் வீட்டுக்காரரிடம் சொல், ஒரு சட்டைக்காவது ஆசைப்படுவார்.

அமெரிக்கப் பெண்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. விக்டோரியா காலத்தில் பொத்தான்களை நூலில் கோத்து வைப்பார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக்கூடாது. தோழிகளும் உறவினர்களும் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஆயிரமாவது பொத்தான் மாப்பிள்ளையோடு வரும் என்று நம்பிக்கை. விவரமான சிலர் 999இலேயே நிறுத்தியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, உன் பொத்தானுக்கு வருவோம். இந்த மாதிரிப் பொத்தான்களைச் செய்த பாரிஸ் பட்டறைகள் தங்கள் பெயரைப் பின்பக்கம்தான் பொறித்தன. ‘டி. டபிள்யூ. & டபிள்யூ.’ என்று இருந்தால் ட்ரெலோன், வெல்டன், வெயில் நிறுவனம், ‘ஏ. பி.’ என்றால் ஆல்பர்ட் பாராந்தாக இருக்கலாம். வளையத்தை வெட்டினால் தகடும் நெளியும், முத்திரையும் போகும், சேகரிப்பவர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அந்த வளையத்திலேயே கறுப்பு ரிப்பனை நுழைத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ளேன். அப்புறம், புளி போட்டுத் தேய்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். பின்தகடு இரும்பாக இருந்தால் துருப்பிடித்துவிடும். உலர்ந்த மெல்லிய துணி போதும்.

பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு. எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கத்தரியைத் தொடாதே.

அன்புடன்,
உன் சிநேகிதி