சித்தப்பா, தம்பிக்குப் பழைய பைத்தான் வேண்டாம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். தம்பி முதல் ரிவால்வர் வாங்கப்போகிறான் என்றும், அது பழைய கோல்ட் பைத்தானாகத்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் உறுதியாக நிற்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். இங்கே அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் இறங்கும் மற்ற நம்மவர்களுக்கும் பயன்படலாம் என்பதால், என் மறுப்பைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

1955இல் வந்த பைத்தானின் அழகை நான் மறுக்கவில்லை. கையால் மெருகேற்றிய அந்த நீல எஃகைப் பார்த்தவர்களுக்கு மற்ற துப்பாக்கிகள் எல்லாம் அவசரத்தில் செய்தவை போலத்தான் தெரியும். சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்திவிட்டுச் சுட்டால், விசை (விரலால் இழுக்கும் டிரிகர்) துளியும் இழுபடாமல் விடுபடும். உங்கள் பைத்தானில் நானே சுட்டிருக்கிறேன். அந்த வகையில் அதற்கு இணை கிடையாது.

ஆனால் தம்பி கற்றுக்கொள்ளப்போவது டபுள் ஆக்‌ஷன். ஒரே இழுப்பில் விரல், தோட்டா அறைகள் கொண்ட உருளையைச் சுழற்ற வேண்டும், சுத்தியலைத் தூக்க வேண்டும், அதை விடுவிக்கவும் வேண்டும். பழைய கோல்ட்டில் இந்த இழுப்பு கடைசியில் கனத்துவிடும். சுத்தியலை அடிப்பதும் விசையை முன்னுக்குத் தள்ளுவதும் ஒரே ‘வி’ வடிவ ஸ்பிரிங்கின் வேலை என்பதால் அதன் பாரம் முடிவில் விரலில் ஏறுகிறது. குறி தவறுவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்காரர்கள் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டார்கள். சுத்தியலுக்கு ஒரு நீண்ட பட்டை ஸ்பிரிங். விசை திரும்பி வருவதற்கு, ஒரு சிறிய எஃகுக் கட்டைக்குள் தனியாக ஒரு சுருள் ஸ்பிரிங். என் மாடல் 10ஐத் திறந்து உங்களுக்குக் காட்ட ஆசை. திருகுகளைக் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டை நெம்பக் கூடாது. கைப்பிடிச் சட்டத்தை மரப்பிடியால் மெல்லத் தட்டினால் தகடு தானாக எழும்பி வரும். உள்ளே பார்த்தால், விசையின் முனை சுத்தியலில் தொங்கும் ஒரு சிறு நாக்கைத் தூக்குகிறது. பாதி வழியில் பாரம் அந்த நாக்கிலிருந்து சுத்தியலின் அடிப்பகுதிக்கு மாறுகிறது. நன்றாகச் செய்த துப்பாக்கியில் இந்த மாற்றம் விரலுக்குத் தெரியவே தெரியாது. 1899இல் தொடங்கிய இந்த வரிசையில் 60 லட்சத்துக்கும் மேல் விற்றதற்கு விலை மட்டுமே காரணமல்ல.

உருளை பூட்டிக்கொள்ளும் விதத்தில் கோல்ட்டைத்தான் பலர் மெச்சுவார்கள். விசை முழுக்க இழுபட்டிருக்கும்போது உருளை அசையவே அசையாது. அது உண்மை. ஆனால் அந்த இறுக்கத்துக்காக, உருளையைத் தள்ளும் சிறு நெம்பு ஒவ்வொரு குண்டுக்கும் அழுத்தத்தைத் தாங்குகிறது. அது தேய்ந்தால் உருளை நேராக நிற்பதற்குள் சுத்தியல் விழுந்துவிடும். பழைய கோல்ட்டைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. 2020இல் மறுபடி வந்த பைத்தானில் உள்ளமைப்பையே மாற்றிவிட்டார்கள். இழுப்பு கடைசியில் கனப்பதில்லை. அதைத்தான் வாங்கித் தருவீர்கள் என்றால் எனக்கு மறுப்பே இல்லை.

ஸ்மித்திலும் குறை உண்டு. மாடல் 19இல், உருளையைத் தாங்கி வெளியே திறக்கும் கைக்கு இடம்விடுவதற்காகக் குழலின் பின்முனையில் அடிப்பக்கத்தைச் சீவியிருப்பார்கள். வேகமான, எடை குறைந்த .357 மேக்னம் என்ற வலுவான வகைக் குண்டுகளைத் தொடர்ந்து சுட்டதில் அந்த மெலிந்த இடம் பலருக்கு விரிசல் விட்டது. அதற்குப் பிறகுதான் அதே .357 மேக்னத்துக்கான, கனமான மாடல் 686 வந்தது. துப்பாக்கியைச் சுட முடியாதபடி பூட்டிவைப்பதற்காகப் பக்கவாட்டில் போட்ட சாவித்துளையும் எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை நேர்த்தியான சட்டத்தில் அது ஒரு வடு.

ரூகர் ஜிபி100ஐ நீங்கள் ‘வார்ப்பு இரும்பு’ என்று ஒதுக்குவீர்கள். அது வார்ப்பு எஃகு, சித்தப்பா. பக்கத் தகடே இல்லாத முழுச் சட்டம். உள்பாகங்கள், விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தோடு சேர்ந்து கீழ்வழியாகக் கழன்று வரும். புதிதில் இழுப்பு சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், சுடச்சுடப் பதப்படும். உழைப்பில் அதை மிஞ்சுவது கடினம். பிரெஞ்சு அதிரடிப் படையான ஜிஐஜிஎன்னைச் சேர்ந்தவர்கள் வைத்திருந்த மனுரின் எம்ஆர்73 எல்லாவற்றுக்கும் மேல் என்பார்கள். அதன் விலை நம் வீட்டுப் பேச்சுக்குள் வராது.

ஆகவே என் பரிந்துரை: நான்கு அங்குலக் குழலுள்ள, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய 686. .38 ஸ்பெஷல் தோட்டாக்களும் அதில் போகும். தொடக்கத்தில் உதைப்புக் குறைவாக இருக்கும், செலவும் குறையும். வாங்குமுன் உருளை காலி என்று இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கடைக்காரரின் அனுமதியோடு விசையை மிக மெதுவாக இழுத்து, சுத்தியல் விழுவதற்குள் ஆறு அறைகளும் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்கின்றனவா என்று கவனிக்கட்டும். ஓர் அறை தவறினாலும் கடையிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்