வாங்குவது மூடுவதற்கா?

ஆசிரியருக்கு,

பெரிய நிறுவனங்கள் சிறிய மென்பொருள் சேவைகளை வாங்குவது அவர்கள் வியாபாரம், எங்களுக்கென்ன என்று இருந்துவிட முடியவில்லை. கனடாவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகளின் முகத்தைப் பல யாழ்ப்பாணத்து வீடுகள் கணினித் திரையில் பார்த்தது ஸ்கைப்பில்தான். 2011இல் மைக்ரோசொப்ட் அதை 850 கோடி டொலருக்கு வாங்கியது. 2025 மே மாதம் மூடியது. முன்னறிவிப்பு ஏறக்குறைய இரண்டு மாதம். வுண்டர்லிஸ்ட் என்ற, செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் செயலியையும் 2015இல் வாங்கி 2020இல் மூடினார்கள். மாற்றுச் செயலி தந்தார்கள், சரி. அதை அம்மம்மாவுக்குப் பழக்குவது யார்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் கடன் கொப்பியை விட்டுச் செயலிக்கு மாறும் கடைக்காரர்களும் இதை யோசிக்க வேண்டும். சேவை கைமாறினால், பயனர் தன் தரவை முழுதாக இறக்கிக்கொள்ள ஓராண்டாவது அவகாசம் தரவேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வலியுறுத்தட்டும்.

வாசகர்,
கொக்குவில்.